திரும்பி வந்த ஓவியர்

உலக ஓவிய வரலாற்றைச் சற்றே அறிந்தவர்களுக்கும் கமில் பிசாரோவின் பெயர் தெரிந்திருக்கும். அவரைப் பிரெஞ்சு ஓவியர் என்றே படித்திருக்கிறோம். ஆனால், அவர் பிறந்தது பிரான்சில் அல்ல. அன்றைக்கு டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செயின்ட் தாமஸ் என்னும் கரீபியத் தீவில். அத்தீவுக்கு மேற்கே, மிக அண்மையில், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த புவேர்ட்டோ ரிக்கோ தீவில் மூன்று ஆண்டுகள் கழித்து இன்னோர் ஓவியர் பிறந்தார். அவர் பெயர் பிரான்சிஸ்கோ ஒயெர்.

இருவரும் பாரிஸ் சென்றனர், ஒரே பயிற்சிக்கூடத்தில் பழகினர், நண்பர்கள் ஆயினர். பிசாரோ அங்கேயே தங்கினார். ஒயெர் ஊர் திரும்பினார். பிசாரோவின் படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அனைத்திலும் உள்ளன. ஒயெரின் பெயரைக் கரீபியப் பகுதிக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே.

நான் ஓவிய விமர்சகன் அல்லன்; கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். தோட்டப் பொருளாதாரம் பற்றிய பாடத்துக்குச் சர்க்கரை ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களைத் தேடியபோதுதான் ஒயெரின் ஓர் ஓவியம் என் கண்ணில் பட்டது. அதன் பிறகு அவரது வாழ்க்கையைத் தொடர்ந்து படித்து வந்திருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி என்னை விடவில்லை. திறமையுள்ள ஒருவர் பெருநகரத்தை விட்டுத் தன் சிறிய ஊருக்குத் திரும்பினால் இழப்பது எவ்வளவு, அந்த ஊர் பெறுவது எவ்வளவு? இந்த இரண்டாவது தொகையை நம்முடைய பொருளாதாரக் கணக்குகள் சரியாகப் பதிவு செய்கின்றனவா?

சர்க்கரைத் தீவின் பிள்ளை

ஒயெர் 1833 ஜூன் 17 அன்று, தலைநகர் சான் ஹுவானுக்கு அருகில் உள்ள பயாமோன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் பெயரும் பிரான்சிஸ்கோ ஒயெர்தான். மருத்துவரான அவர், புவேர்ட்டோ ரிக்கோவில் பெரியம்மைத் தடுப்பூசியை அறிமுகப்படுத்தியவர். ஸ்பெயின் மன்னர் அனுப்பிய புகழ்பெற்ற தடுப்பூசிக் குழு 1804 தொடக்கத்தில் தீவுக்கு வந்து சேர்ந்தபோது, பாட்டனார் ஏற்கெனவே பணியைத் தொடங்கி விட்டிருந்தார். அதற்குத் தேவையான அம்மைப்பாலை அவர் பெற்றது செயின்ட் தாமஸ் தீவிலிருந்து. அரசுக் குழுவின் தலைவர் இதனால் சினமுற்றார் என்பது வரலாறு. தலைநகரத்தின் ஆணைக்குக் காத்திராமல் அண்டைத் தீவிலிருந்து தேவையானதைப் பெற்றுக்கொள்ளும் பழக்கம் அக்குடும்பத்துக்குப் புதிதன்று.

பேரன் பிறந்தபோது தீவு சர்க்கரையால் இயங்கிக்கொண்டிருந்தது. ஹெயிட்டியில் நிகழ்ந்த அடிமைகளின் புரட்சிக்குப் பின், உலகச் சர்க்கரைச் சந்தையில் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பிய இடங்களில் கியூபாவும் புவேர்ட்டோ ரிக்கோவும் முக்கியமானவை. கடற்கரைச் சமவெளிகள் கரும்புத் தோட்டங்களாயின. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அவற்றில் உழைத்தனர்.

எனினும், கியூபாவோடு ஒப்பிடும்போது புவேர்ட்டோ ரிக்கோவில் அடிமைகளின் விகிதம் குறைவு. மலைப்பகுதிகளில் சிறு நிலத்தில் பயிர் செய்தும், நிலமின்றிக் குடிசை போட்டும் வாழ்ந்த ஏழை உழவர்களே மிகுதி. ஹீபரோ என்று அவர்களை அழைத்தனர். உண்ண வாழைக்காயும் கிழங்கும் கிடைக்கும்வரை அவர்கள் கூலி வேலைக்கு வர விரும்பவில்லை. தோட்ட முதலாளிகளுக்கோ ஆள் வேண்டும். எனவே 1849-இல் ஆளுநர் ஓர் ஆணை பிறப்பித்தார். நிலமற்ற சுதந்திர மனிதர் ஒவ்வொருவரும் யாரிடமாவது கூலி வேலையில் இருந்தாக வேண்டும்; அதற்குச் சான்றாக ஒரு குறிப்பேட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். நடத்தையும் கடனும் அதில் எழுதப்படும். லிப்ரெத்தா என்னும் அந்தக் குறிப்பேடு 1873 வரை நடைமுறையில் இருந்தது.

உழைப்புச் சந்தை தானாக உருவாவதில்லை; பல இடங்களில் அது சட்டத்தின் வலிமையால் உருவாக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஒயெர் வளர்ந்தது இந்தச் சமூகத்தில். அவர் வசதியான குடும்பத்துப் பிள்ளை. ஆனால், அவர் பின்னாளில் வரைந்த மனிதர்கள் பெரும்பாலும் இந்தக் குறிப்பேட்டைச் சுமந்தவர்களும், அதுகூட இல்லாத அடிமைகளுமே ஆவர்.

பாரிசில் கற்றது

சிறுவயதில் சான் ஹுவானில் ஓர் ஆசிரியரிடம் ஓவியம் பயின்ற ஒயெர், 1851-இல் ஸ்பெயின் சென்றார். மாட்ரிட் நகரின் சான் பெர்னாண்டோ அரச கலைக்கழகத்தில், அரசவை ஓவியர் பெதரிகோ தெ மத்ராசோவிடம் இரண்டு ஆண்டுகள் பயின்றார். பெரியோர்களின் உருவப்படங்களையும் புராண, வரலாற்றுக் காட்சிகளையும் பளபளப்பாக வரைவதே அங்கே உயர்ந்த கலையாகக் கருதப்பட்டது.

ஊர் திரும்பிய அவர் 1858-இல் பாரிஸ் சென்றார். முதலில் தோமா குத்யூரிடம் பயின்றார். பின்னர் குஸ்தாவ் கூர்பேயிடம் சேர்ந்தார். பள்ளிப் பயிற்சியைவிட அவரை மாற்றியது கூர்பேயின் நட்பும் சிந்தனையுமே எனலாம். கண்ணால் காணாத தேவதைகளை வரைய மாட்டேன், கல்லுடைக்கும் தொழிலாளியை வரைவேன் என்ற நிலைப்பாட்டைக் கொண்டிருந்தவர் கூர்பே. கலைஞன் தன் காலத்துக்கும் தன் மண்ணுக்கும் கடமைப்பட்டவன் என்னும் எண்ணம் அவரிடமிருந்தே ஒயெருக்கு வந்தது.

அக்காலத்தில் சுவிஸ் பயிற்சிக்கூடம் என்ற எளிய இடம் ஒன்று பாரிசில் இருந்தது. ஆசிரியர் கிடையாது, தேர்வு கிடையாது. சிறு கட்டணம் செலுத்தினால், அமர்ந்திருக்கும் மாதிரி மனிதரைப் பார்த்து வரையலாம். பிசாரோவும் பால் செசானும் ஒயெரும் பழகியது அங்கேதான். கையில் காசில்லாத காலத்தில் ஒயெர் இத்தாலிய இசை நாடகக் குழுக்களில் பாடிப் பொருள் ஈட்டினார். அவருக்கு நல்ல குரல் வளம் இருந்தது.

இந்த இளைஞர்களின் நட்பு வட்டத்திலிருந்துதான் இம்ப்ரெஷனிசம் எனப்படும் மனப்பதிவு ஓவிய இயக்கம் பிறந்தது. அதன் அடிப்படை எளியது. பொருள்களுக்கு நிலையான நிறம் என்று ஒன்று இல்லை. காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம். நிழல் என்பது கறுப்பன்று. அதிலும் நீலமும் ஊதாவும் உண்டு. எனவே அறைக்குள் அமர்ந்து நினைவிலிருந்து வரையாமல், வெட்டவெளியில் நின்று, அந்த நேரத்து ஒளியை அந்த நேரத்திலேயே விரைவான தூரிகைத் தீற்றல்களால் பிடிக்க வேண்டும். இன்று இது இயல்பாகத் தோன்றுகிறது. அன்று அது கலகம். 1874-இல் இவ்வியக்கத்தினர் தனியாக நடத்திய முதல் கண்காட்சியைப் பலரும் எள்ளி நகையாடினர்.

1874 முதல் 1886 வரை நடைபெற்ற எட்டுக் கண்காட்சிகளிலும் பங்கேற்ற ஒரே ஓவியர் பிசாரோ. ஒயெர் இவற்றில் பங்கேற்கவில்லை. அவருடைய பாதை வேறு திசையில் சென்றிருந்தது.

முதல் திரும்புதல்

1865-இல் ஒயெர் புவேர்ட்டோ ரிக்கோ திரும்பினார். பாரிசில் ஒரு புதிய இயக்கம் கருக்கொண்டிருந்த நேரம் அது. தங்கியிருந்தால் அதன் முன்வரிசையில் அவருக்கும் இடம் கிடைத்திருக்கலாம்.

திரும்பி வந்த தீவில் பல்கலைக்கழகம் இல்லை. கியூபாவின் ஹவானாவில் 1728-லேயே பல்கலைக்கழகம் தோன்றிவிட்டது. புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அது 1903 வரை கிட்டவில்லை. உயர்கல்வி வேண்டுவோர் கடல் கடந்து செல்ல வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். ஓவியம் கற்க விரும்பும் ஏழைச் சிறுவனுக்கு வழியே கிடையாது. படங்களை விலைக்கு வாங்குவோர் ஒரு சில தோட்ட முதலாளிகளும் அரசு அதிகாரிகளும்தான்.

இந்த நிலையில் ஒயெர் 1868-இல் சான் ஹுவானில் ஒரு சுதந்திர ஓவியக் கலைக்கூடத்தை நிறுவினார். இயற்கையைப் பார்த்து வரைவதற்கான அடிப்படைகளையும் தொலைவுக் காட்சி இலக்கணத்தையும் எல்லோருக்கும் எட்டும்படி விளக்கும் சிறு பாடநூல் ஒன்றையும் எழுதினார். ஒரு பெரிய ஓவியர் தன் தூரிகையை வைத்துவிட்டுத் தொடக்கநிலை மாணவருக்குப் பாடநூல் எழுத அமர்வது எல்லா நாட்டிலும் நடக்கக் கூடியதன்று. பாடநூலே இல்லாத இடத்தில் ஆசிரியராக இருப்பதன் பொருளை அவர் அறிந்திருந்தார்.

அதே 1868-இல், லாரெஸ் என்னும் மலையூரில் ஸ்பெயினுக்கு எதிராக ஒரு கிளர்ச்சி எழுந்து ஒடுக்கப்பட்டது. அடிமை முறைக்கு எதிரான குரலும் வலுத்துக்கொண்டிருந்தது. ஒயெர் அடிமை ஒழிப்புக் கொள்கையினர். கசையடி வாங்கும் அடிமையையும், உழைத்து முடிந்தபின் கைவிடப்பட்டுப் பிச்சை எடுக்கும் கறுப்பினப் பெண்ணையும் அவர் வரைந்தார். அப்படங்களில் பல இன்று இல்லை.

1873 மார்ச் 22 அன்று அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அப்போது அடிமைகளாக இருந்தோர் சுமார் 30,000 பேர். மக்கள்தொகையில் ஏறக்குறைய 5 விழுக்காடு. அச்சட்டத்தின் கணக்கைக் கவனியுங்கள். இழப்பீடாக ஒதுக்கப்பட்ட 3.5 கோடி பெசட்டா அடிமைகளின் உடைமையாளர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கோ பணம் ஏதுமில்லை. மாறாக, மூன்று ஆண்டுகள் யாரிடமாவது ஒப்பந்தக் கூலியாக வேலை செய்தாக வேண்டும் என்ற கட்டாயம். உழைப்பைப் பறிகொடுத்தவருக்கு அன்றி, பறித்தவருக்கே இழப்பீடு வழங்கப்பட்டது.

முதலாளியின் நிலமும் உழவனின் உணவும்

1872-இல் ஸ்பெயின் மன்னர் அமடேயோ, ஒயெருக்கு அரசவை ஓவியர் என்ற சிறப்பை வழங்கினார். அதன் பிறகு அவர் மீண்டும் ஐரோப்பா சென்று, பாரிசிலும் மாட்ரிடிலுமாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1875-இல் அவர் வரைந்த சேன் ஆற்றங்கரைக் காட்சியில் புதிய இயக்கத்தின் ஒளி முழுமையாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால், 1884-இல் அவர் மறுபடியும் திரும்பினார்.

பாரிசின் வெளிச்சம் மென்மையானது, மூடுபனி கலந்தது. கரீபிய வெயிலோ உச்சிவேளையில் நிறங்களை வெளுக்கச் செய்வது. பாரிசில் கற்ற முறையை அப்படியே கொண்டுவந்து இறக்க முடியாது. ஒயெர் அதை மண்ணுக்கேற்ப மாற்றினார். உருவங்களின் விளிம்பு தெளிவாக இருக்கும். வானமும் புல்லும் மட்டும் இம்ப்ரெஷனிசத் தீற்றல்களில் மின்னும். ஐரோப்பிய விமர்சகர் சிலர் இதை முழுமை பெறாத இம்ப்ரெஷனிசம் எனக் கருதக்கூடும். ஒளி மாறினால் முறையும் மாற வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் முதற்பாடம் என்பதால், அதை நன்றாகக் கற்றவர் இவரே என்பது என் எண்ணம்.

1885-இல் அவர் வரைந்த லா போர்த்துனா என்னும் கரும்புத் தோட்டத்தின் காட்சி இப்போது நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ளது. தீவின் தென்பகுதியில் போன்சே நகரை அடுத்திருந்த தோட்டம் அது. உரிமையாளர் தம்முடைய தோட்டங்களை வரைந்து தருமாறு ஒயெரிடம் கேட்டிருந்தார். ஆலையும் புகைபோக்கியும் மாளிகையும் பரந்த வானத்தின் கீழ் அமைதியாக இருக்கின்றன. தோட்டத்தின் பெயருக்கே செல்வம், நற்பேறு என்றுதான் பொருள். அடிமை முறை ஒழிந்து 12 ஆண்டுகளே ஆகியிருந்த நிலம் அது என்பதை அறிந்து பார்க்கும்போது, அந்த அமைதி வேறு விதமாகத் தோன்றுகிறது. அடிமை ஒழிப்பை ஆதரித்த ஓவியர், பிழைப்புக்காகத் தோட்ட முதலாளியின் உடைமையை வரைந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வாங்குவோர் சிலரே உள்ள சந்தையில் கலைஞனின் சுதந்திரத்துக்கு உள்ள எல்லை அது.

அவரது அசையாப் பொருள் ஓவியங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. செசான் ஆப்பிள்களை வரைந்து உலகப் புகழ் பெற்றார். ஒயெர் தேங்காயையும் கொய்யாவையும் அன்னாசியையும் முள்சீத்தாவையும், பழுத்துத் தொங்கும் வாழைத் தாரையும் வரைந்தார். கலைக்கழகங்கள் மதிக்காத பொருள்கள் இவை. ஒரு பொருளாதார ஆசிரியனின் கண்ணுக்கு இவற்றில் இன்னொன்றும் தெரிகிறது. சர்க்கரையும் காப்பியும் தீவின் ஏற்றுமதிப் பொருள்கள். அரசின் புள்ளிவிவரங்களில் பக்கம் பக்கமாக இடம்பெற்றவை. உழவனின் குடும்பம் உண்டது வாழைக்காயை. ஏற்றுமதிக் கணக்கில் வாராத அந்தப் பயிர்தான் தீவைப் பசியாற்றியது. அதற்கு மரியாதை செய்தது ஓவியரின் தூரிகை.

சுருட்டுத் தொழிலாளியின் பள்ளி

1890-க்கும் 1892-க்கும் இடையே ஒயெர் வரைந்த படம் ஒன்றில் வயது முதிர்ந்த கறுப்பின ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிலும் வெள்ளையரும் கறுப்பரும் கலப்பினத்தவருமான சிறுவர்கள். சிலர் படிக்கின்றனர்; சிலர் குறும்பு செய்கின்றனர். அவர் பெயர் ரபேல் கோர்தேரோ. 1790-இல் பிறந்து 1868-இல் மறைந்தவர். சுருட்டுச் சுற்றுவது அவர் தொழில். அடிமைக் குழந்தைகளுக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கும் கல்வி மறுக்கப்பட்ட காலத்தில், சான் ஹுவானில் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தி, 58 ஆண்டுகள் கட்டணம் இன்றிக் கற்பித்தார். சுருட்டுத் தொழிலின் வருமானத்தில் வாழ்ந்துகொண்டே இதைச் செய்தார்.

காலப்போக்கில் நகரத்தின் வசதியான வெள்ளையர்களும் தம் பிள்ளைகளை அவரிடம் அனுப்பினர். அவரிடம் எழுத்தறிந்த ஒருவர் ஹொசே ஹூலியான் அகோஸ்தா. ஸ்பெயின் அரசு 1866-67-இல் மாட்ரிடில் கூட்டிய விசாரணைக் குழுவில் புவேர்ட்டோ ரிக்கோவின் சார்பில் பங்கேற்ற அகோஸ்தாவும் அவருடைய தோழர் இருவரும், இழப்பீடு தந்தாலும் தராவிட்டாலும் அடிமை முறையை உடனே ஒழிக்க வேண்டும் என்று வலியுறுத்தினர். சுருட்டுத் தொழிலாளியின் வீட்டுப் பள்ளியில் படித்த சிறுவன், பேரரசின் தலைநகரில் நின்று அந்தக் கோரிக்கையை எழுப்பினான். ஆறே ஆண்டுகளில் சட்டம் வந்தது. அதைக் காணக் கோர்தேரோ உயிரோடு இல்லை.

நாட்டின் நண்பர்களின் பொருளாதாரச் சங்கம் கோர்தேரோவின் சேவையைப் பாராட்டி 100 பெசோ பரிசளித்தது. அவர் அப்பணத்தில் ஏழை மாணவருக்குப் புத்தகமும் உடையும் வாங்கி, எஞ்சியதை இரவலர்க்கு வழங்கினார். நூறு பெசோவுக்கு மதிப்பிடப்பட்ட அந்தப் பணியின் உண்மையான விளைவு, ஒரு தீவின் சட்டத்தையே மாற்றிய தலைமுறை. ஒருவரின் செயலால் அதற்கு விலை கொடுக்காத மற்றவர்கள் பெறும் நன்மையைப் புறப்பயன் என்று நாங்கள் வகுப்பில் கற்பிப்போம். எந்தப் பாடநூல் எடுத்துக்காட்டும் இதற்கு ஈடாகாது.

கோர்தேரோ மறைந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, ஒயெர் அவரை ஏன் வரைந்தார்? அவரே ஊதியம் நிச்சயமற்ற ஓர் ஆசிரியராக இருந்தவர். தொடங்கிய கலைக்கூடங்கள் நிலைத்து நிற்கவில்லை. ஒன்று மூடினால் மற்றொன்றைத் தொடங்கினார். அரசர்களையும் ஆளுநர்களையும் வரைந்த கையால் ஒரு பள்ளி ஆசிரியரை வரைந்தபோது, தம் தொழிலின் முன்னோடியை அவர் வணங்கினார் என்றே நான் கொள்கிறேன்.

இறந்த குழந்தையின் வீட்டில் விருந்து

ஒயெரின் தலைசிறந்த படைப்பு 1893-இல் முடிக்கப்பட்ட 'எல் வெலோரியோ'. இறந்தவர் வீட்டில் இரவு முழுதும் விழித்திருக்கும் சடங்கு என்பது இதன் பொருள். சுமார் 8 அடி உயரமும் 13 அடி அகலமும் கொண்ட பெரிய படம். ரியோ பியேத்ராசில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் முதலில் குறிப்பிட்ட, என் கண்ணில் பட்ட ஓவியம் இதுவே.

மலைப்பகுதி உழவன் ஒருவனின் வீடு. மேசையின்மீது, சரிகைத் துணியில், பூக்களுக்கு நடுவே இறந்த குழந்தை ஒன்று கிடத்தப்பட்டுள்ளது. ஆனால், அந்த அறையில் துக்கம் இல்லை. பாவமறியாக் குழந்தை நேரே வானுலகம் சென்று தேவதையாகிவிடும். எனவே அழக்கூடாது, கொண்டாட வேண்டும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. இசைக்கருவிகள் முழங்குகின்றன, மது ஓடுகிறது, காதலர் கொஞ்சுகின்றனர், நாய்களும் சிறுவர்களும் ஓடுகின்றனர். கோலில் குத்தி வாட்டிய முழுப் பன்றியைத் தூக்கி வருகின்றனர். பாதிரியாரின் கண் அந்தப் பன்றியின்மீது இருக்கிறது. தாயின் முகத்தில்கூடப் புன்னகை. ஒரே ஒருவர் மட்டும் குழந்தையைப் பார்த்து நிற்கிறார். கையில் கோலூன்றிய, வெறுங்காலுடன் உள்ள, முதிய கறுப்பினத்தவர் அவர்.

ஒயெர் இந்தப் படத்துக்குத் தாமே எழுதிய விளக்கத்தில் இச்சடங்கைக் கடுமையாகச் சாடினார். மூடநம்பிக்கையின் போர்வையில் நடக்கும் குடியும் கூத்தும் என்பது அவர் கருத்து. இங்கே நான் அவரிடமிருந்து வேறுபடுகிறேன். குழந்தைகள் மிகுதியாக இறக்கும் சமூகத்தில், ஒவ்வோர் இறப்புக்கும் உடைந்து அழுதால் வாழ்வது எப்படி? ஆண்டு முழுதும் வாழைக்காய் உண்டு வாழ்பவருக்கு இறைச்சி கிடைக்கும் நாள் எத்தனை? ஏழ்மையின் விளைவை ஏழைகளின் அறியாமை என்று படித்தவர்கள் பெயரிடுவது எல்லாக் காலத்திலும் உள்ள வழக்கம். சீர்திருத்தவாதிகளும் அதற்கு விலக்கல்லர்.

எனினும், ஓவியம் ஓவியரின் விளக்கத்தைவிடப் பெரிதாக அமைந்துவிட்டது. உத்தரத்திலிருந்து தொங்கும் வாழைத்தார்களும், திறந்த கதவு வழியே வெளியே தெரியும் வெயிலும் அவ்வளவு அன்போடு வரையப்பட்டுள்ளன. இகழ்ச்சி மட்டுமே உள்ளவரால் அப்படி வரைய முடியாது. அந்த முதியவரின் பார்வை படத்தின் மையமாகி விடுகிறது. அடிமை முறை ஒழிந்து 20 ஆண்டுகளுக்குப் பின், அந்த அறையிலேயே இழப்பின் பொருளை முழுதாக அறிந்த மனிதராக ஒயெர் அவரை நிறுத்தினார். வந்தவர் அனைவரும் விருந்துக்கு வந்திருக்க, அவர் ஒருவரே குழந்தைக்காக வந்திருக்கிறார்.

இந்தப் படத்தோடு 1895-இல் ஒயெர் மீண்டும் பாரிஸ் சென்றார். அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது. பழைய நண்பர்கள் புகழ் பெறத் தொடங்கியிருந்தனர். கதை சொல்லும் பெரிய படங்கள் பழம்பாணியாகி விட்டிருந்தன. செசானுடன் மனக்கசப்பு ஏற்பட்டு, அவர் கடிதம் எழுதி நட்பை முறித்துக்கொண்டார். 1896-இல் ஒயெர் தீவுக்குத் திரும்பினார். அதன் பின் அவர் ஐரோப்பா செல்லவில்லை.

இரண்டு தீவுகள், ஒரே ஆண்டு

1898-இல் அமெரிக்கா புவேர்ட்டோ ரிக்கோவைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே வீசிய சான் சிரியாக்கோ புயல் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டு, அப்போது தீவின் முதன்மை ஏற்றுமதியாக இருந்த காப்பியின் தோட்டங்களை அழித்தது. காப்பியை இழந்த தீவு, அமெரிக்க மூலதனத்தின் கீழ் மீண்டும் சர்க்கரைத் தீவாக மாறியது. 65 வயதைக் கடந்திருந்த ஒயெர், புதிய ஆட்சியாளர்களின் உருவப்படங்களை வரைந்தும் ஓவியம் கற்பித்தும் காலத்தை ஓட்டினார்.

1917 மார்ச் மாதம் புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக அறிவிக்கப்பட்டனர். அதே மாதத்தின் கடைசி நாளில், பிசாரோவின் செயின்ட் தாமஸ் உள்ளிட்ட தீவுகளை டென்மார்க் 2.5 கோடி டாலர் பெற்றுக்கொண்டு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. தீவுக்கும் அதிலுள்ள மக்களுக்குமாகச் சேர்த்து ஒரு விலை. மே 17 அன்று ஒயெர் சான் ஹுவானில் காலமானார். ஸ்பெயினின் குடிமகனாகப் பிறந்தவர், தாம் பிறந்த மண்ணிலேயே, வேறொரு நாட்டின் குடிமகனாக இறந்தார்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன்.

ஒயெர் இழந்தது தெளிவானது. ஒரே தொழிலைச் செய்வோர் ஓரிடத்தில் கூடி வாழும்போது தொழிலின் நுணுக்கங்கள் காற்றிலேயே கலந்திருக்கும் என்பது பொருளாதார மேதை ஆல்பிரட் மார்ஷலின் புகழ்பெற்ற கருத்து. பாரிஸ் அத்தகைய இடம். பிசாரோவுக்கு மோனேயும் செசானும் கோகனும் இருந்தனர். விற்பனையாளர்களும் விமர்சகர்களும் இருந்தனர். பிசாரோவும் கடனில் உழன்றவர்தான்; ஆனால் தனிமையில் உழலவில்லை. அவரும் சிறந்த ஆசிரியர். செசான் தம்மைப் பிசாரோவின் மாணவர் என்றே முதுமையில் பெருமையோடு குறித்துக்கொண்டார். ஒயெர் தம் தீவில் விவாதிக்கத் தக்க தோழர் இன்றி வரைந்தார். ஒவ்வொரு முறை ஐரோப்பா சென்றதும் இந்தத் தனிமையைப் போக்கிக்கொள்ளத்தான் என்று தோன்றுகிறது. வாழ்நாளில் சுமார் 20 ஆண்டுகள் அவர் அங்கே கழித்தார். ஆயினும் ஒவ்வொரு முறையும் திரும்பினார்.

தீவு பெற்றதை எண்ணிக்கையில் சொல்வது கடினம். அவர் நடத்திய பள்ளிகள் மூடப்பட்டன. அவருடைய மாணவர் எவரும் செசான் ஆகவில்லை. ஆனால், அவருக்கு முன் அந்தத் தீவின் ஹீபரோவும் கறுப்பின முதியவரும் வாழைத்தாரும் பெரிய ஓவியத்தில் இடம்பெறத் தக்கவர்களாகக் கருதப்பட்டதில்லை. அவருக்குப் பின் வந்த புவேர்ட்டோ ரிக்கோ ஓவியர் ஒவ்வொருவரும் 'எல் வெலோரியோ'வின் முன் நின்றே தொடங்க வேண்டியிருக்கிறது. தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் கண் அந்த மக்களுக்குக் கிடைத்தது. பாரிசில் இன்னும் ஓர் ஓவியர் குறைந்ததால் பாரிசுக்குப் பெரிய இழப்பில்லை. சான் ஹுவானில் அந்த ஒருவர் இல்லாதிருந்தால் அந்த இடத்தை நிரப்ப வேறொருவர் இல்லை. பொருளாதாரத்தில் இறுதிநிலைப் பயன்பாடு என்று நாங்கள் கற்பிப்பது இதைத்தான். அரிதாக உள்ள இடத்தில்தான் ஒன்றின் கூடுதல் அலகுக்கு மதிப்பு மிகுதி.

என் பணிக்காலத்தில், நன்றாகப் படித்த மாணவர்கள் வெளிநாட்டு வாய்ப்பு பற்றி ஆலோசனை கேட்டு வரும்போதெல்லாம், தயங்காமல் செல்லுங்கள் என்றே சொல்லி வந்தேன். அதில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை. ஒயெரும் சென்றவர்தான், செல்லாவிட்டால் கற்றிருக்க மாட்டார். ஆனால் திரும்புவது பற்றி அவர்கள் கேட்டபோது, ஊதிய வேறுபாட்டைக் கணக்கிட்டு, அது அறிவுடைமை ஆகாது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அந்தக் கணக்கில் ஒரு பத்தி விடுபட்டிருந்தது. திரும்பியவரிடம் கற்றுக்கொள்ளப் போகிறவர்களின் வருமானம் அதில் இல்லை. அவர்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

2015-இல் அமெரிக்காவில் தொடங்கி, புவேர்ட்டோ ரிக்கோவரை சென்ற பெரிய கண்காட்சி ஒன்றில் ஒயெரின் படங்கள் பிசாரோ, செசான் ஆகியோரின் படங்களோடு ஒருங்கே வைக்கப்பட்டன. ஒரு பயிற்சிக்கூடத்தில் அருகருகே நின்று வரைந்த இளைஞர்களின் படைப்புகள், ஒன்றரை நூற்றாண்டு கழித்து மீண்டும் அருகருகே வந்தன. காலம் தாழ்ந்த மரியாதைதான். ஆயினும் மகிழத் தக்கது.

பெருநகரங்களின் புகழைத் தேடிச் செல்பவர்களை யாரும் குறைகூற முடியாது. ஆனால் ஒரு சிறிய ஊரில், மாணவர் சிலரைக் கூட்டி, வேறெங்கோ கற்று வந்ததைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரைக் காணும்போது, வாய்ப்பைத் தவறவிட்டவர் என்று இரங்க வேண்டாம். ரபேல் கோர்தேரோவின் வகுப்பறையைக் கடந்து சென்றவர்களும், அங்கே ஒரு சுருட்டுத் தொழிலாளி குறும்புக்காரச் சிறுவர்களோடு மல்லுக்கட்டுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர், ஓய்வு)